நெட்டி மாலையின் எடை

மார்கழி, கடைசி வாரம்

கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சிவப்புச் சட்டையைக் கீழ்வீட்டு நாய் இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறது. பக் வகை, சப்பை மூக்கு. சட்டையோடு பஞ்சுக் குஞ்சலம் வைத்த குல்லாவும் உண்டு. படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் குல்லா. செல்போன் நீண்டதும் அது மூக்கை ஒரு தரம் நக்கிக்கொள்கிறது. கொட்டாவி விடுகிறது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை மட்டும் இந்தப் பக்கம் ஓட்டுகிறது. கடைக்கண்ணில் வெள்ளை தெரிகிறது. தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவி நாய்க்குச் சங்கடத்தின் அடையாளம் என்பது நாயோடு பழகியவர்களுக்குத் தெரியும். படத்தில் என்னவோ அது சிரிப்பதாகத்தான் விழும். வாய் திறந்திருக்கிறதே.

நாய் பேசுவது காதாலும் வாலாலும் முதுகு மயிராலும். காதைக் குல்லா அமுக்கி, முதுகைச் சட்டை மூடிவிட்டால் பாதிப் பேச்சு போயிற்று. எதிரே வருகிற இன்னொரு நாய்க்கும் இது என்ன சொல்கிறது என்று பிடிபடாது. உடுத்திய நாயைக் கண்டு தெருநாய்கள் கூடுதலாகக் குரைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் வெக்கை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் கொஞ்சம் கசியும், அவ்வளவே. மற்றபடி சூடு பெரும்பாலும் வாய் வழியாக, நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிற இளைப்பில்தான் வெளியேற வேண்டும். சப்பை மூக்கு நாய்க்கு அந்த வழியும் குறுகல். அதற்கு வெல்வெட் சட்டை என்பது, ஜன்னல் சின்னதாக உள்ள அறையில் கம்பளியும் போர்த்துவது.

உடையே ஆகாது என்று சொல்ல வரவில்லை. சிப்பிப்பாறை நாயை மார்கழியில் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனால், மெல்லிய மயிரும் கொழுப்பே இல்லாத உடம்பும் நடுங்கும். அங்கே சட்டை அதன் தேவை. தஞ்சாவூரில் அது நம் தேவை. நம் தேவைக்காகப் போடுவதென்றால் பருத்திக் கைக்குட்டை ஒன்றைக் கழுத்தில் தளர்வாகக் கட்டினால் போதும். முடிச்சுக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நடக்க, உட்கார, சொறிய, ஒன்றுக்குப் போக அது தடையாக இருக்கக் கூடாது. படம் எடுத்தாயிற்றா, கழற்றிவிட வேண்டும்.

நேபாளத்தில் நம் தீபாவளியை ஒட்டி வருகிற திஹார் பண்டிகையில் ஒரு நாள் முழுக்க நாய்களுக்கு. குகுர் திஹார் என்பார்கள். நெற்றியில் திலகம், கழுத்தில் செண்டுப் பூ மாலை, வயிறாரச் சாப்பாடு. வீட்டு நாய், தெரு நாய், போலீஸ் நாய் எல்லாவற்றுக்கும் உண்டு. நூலில் கோத்த பூமாலைதான், பலமாக இழுத்தால் அறுந்துவிடும். நாய் உலுக்கிக் கழற்றிவிட்டுப் போகலாம். விலங்குக்கு அணிவிப்பதில் இப்படி ஒரு விடுபடும் வழியை வைத்திருப்பது பெரிய மரியாதை என்று தோன்றுகிறது.

பூனையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உடம்பைச் சுற்றி ஒரு துணி இறுகியதும் பல பூனைகள் அப்படியே சாய்ந்து படுத்துவிடும். நடிக்கிறது என்று சிரிப்போம். நகர முடியும் என்ற நம்பிக்கை அதற்குப் போய்விட்டது, அவ்வளவுதான். உடையைவிட மோசம் ஜிகினா நூலும் ரிப்பனும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. நூல் ஒருமுறை நாக்கில் சிக்கினால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு நுனி நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொண்டால், மறுமுனை குடலைச் சுருக்கி, அறுத்தே விடும்.

*

போகி

கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. கரும்புக்கட்டுக்கும் மஞ்சள் கொத்துக்கும் நடுவில் மாட்டுச் சாமான் கடைகள். மூக்கணாங்கயிறு, கழுத்துக் கயிறு, சலங்கை, வெண்சங்கு, கொம்புக் குப்பி. கயிறெல்லாம் இப்போது நைலான். ரோஜாவும் பச்சையுமாகப் பளபளக்கிறது. விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தேன். தோலைச் சுடுகிறது. மாட்டின் மூக்குத் தண்டு என் விரலைவிட மென்மையானது. இதை யோசித்துத்தானோ என்னவோ, பருத்திக் கயிறு கேட்டால் சில கடைக்காரர்கள் உள்ளே போய் எடுத்து வருகிறார்கள்.

இன்றைக்கு நான் தேடி வந்தது நெட்டி மாலை. குளத்திலும் வாய்க்காலிலும் வளர்கிற நெட்டிச் செடியின் தண்டு அது. உள்ளே வெண்மையாக, பஞ்சு போல, எடையே இல்லாமல் இருக்கும். வெட்டிக் காயவைத்து, துண்டு துண்டாக நறுக்கி, சாயத்தில் முக்கி, தாழை நாரில் கோப்பார்கள். திருவாரூர் பக்கத்து ஊர்களில் பொங்கலுக்குப் பல வாரம் முன்பே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து செய்கிற வேலை. இதே தண்டில் கோபுரமும் தேரும் செதுக்குகிற தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுக்குப் போடுகிற மாலையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு நாள் கட்டி மறுநாள் எருக்குழிக்குப் போகிற பொருள்தானே.

கையில் வாங்கினால் காகிதம் பிடித்த மாதிரி இருக்கிறது. இதை யோசித்துச் செய்தவர் மாட்டைப் பார்த்துச் செய்திருக்கிறார். கனமில்லை, உரசலில்லை, உள்ளே கம்பியில்லை. மரத்திலோ வேலியிலோ சிக்கினால் நார் அறுந்துகொள்ளும். பக்கத்து மாடு எட்டிக் கடித்தாலும் உள்ளே போவது செடித்தண்டு. இப்போதைய சாயத்தைப் பற்றி அந்த உறுதியைத் தர முடியாது என்பது வேறு. ஆனால் அடுத்த கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் மாலையோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவோ தேவலை.

பிளாஸ்டிக் மாலையைப் புரட்டிப் பார்த்தேன். பூவுக்குப் பூ மெல்லிய இரும்புக் கம்பியால் முறுக்கியிருக்கிறது. மாடு நம்மைப் போல மென்று பார்த்து விழுங்குகிற பிராணி அல்ல. முதலில் விழுங்கும், பிறகு ஆற அமர அசை போடும். விழுங்கிய கம்பி இரண்டாவது வயிற்றில், தேன்கூடு போல அறை அறையாக இருக்கிற பையில் போய்த் தங்கும். அந்தப் பைக்கு முன்னால் இருப்பது ஒரு மெல்லிய உதரவிதானம், அதைத் தாண்டினால் இதயம். வயிறு சுருங்கிச் சுருங்கி அசையும்போது கம்பி முன்னேறிக் குத்திக்கொண்டே போகும். மாதங்கள் கழித்துக்கூட மாடு தீனி எடுக்காமல், முதுகைக் குனித்து, முழங்கையை விரித்து நிற்கும். யாருக்கும் பொங்கல் மாலை நினைவுக்கு வராது. சில நாடுகளில் இதற்காகவே கன்றுப் பருவம் தாண்டியதும் ஒரு காந்தத்தை விழுங்கவைத்துவிடுகிறார்கள். அது ஆயுள் முழுக்க அந்தப் பையிலேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வழியில் அட்டைப்பெட்டியில் கலர் கோழிக்குஞ்சு. பச்சை, ரோஜா, ஊதா. பிள்ளைகள் மொய்த்திருந்தார்கள். முட்டைக்கோழிப் பண்ணைகள் வேண்டாமென்று ஒதுக்குகிற சேவல் குஞ்சுகள்தான் பெரும்பாலும் இப்படிச் சாயம் குளித்து வருகின்றன. விலங்குக்கு நாம் செய்யும் அலங்காரத்தில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இது.

*

தை 2, காலை

பெரியப்பாவின் மாட்டுக் கொட்டகை. இரண்டு பசு, ஒரு கன்று, ஒரு கிழட்டுக் காளை. குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டுகிறார். சோப்பு இல்லை. வைக்கோலைப் பிரியாகச் சுருட்டி, அதை வைத்து மயிர் போகும் திசையிலேயே தேய்க்கிறார். காது மடலுக்குள் விரல் விட்டு உண்ணி பார்க்கிறார். குளம்பு இடுக்கில் சேற்றைக் குச்சியால் எடுக்கிறார். தொண்டைக்குக் கீழே தொங்குகிற தாடியைத் தேய்க்கும்போது காளை கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, முழுப் பாரத்தையும் அவர் மேல் சாய்த்துவிட்டது. “நகருடா” என்று அதட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.

மாட்டுப் பொங்கலில் மாட்டுக்குக் கிடைப்பது இதுதான் என்று படுகிறது. இந்தக் குளியல், இந்தத் தேய்ப்பு, இன்றைக்குப் பூட்டு இல்லை என்ற ஓய்வு. மாலையும் வர்ணமும் நம் கண்ணுக்கு. நம் கண்ணுக்கும் ஒரு திருநாள் வேண்டும்தான், அதில் தப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் செலவிடுகிற நேரத்தில் எது அதிகம் என்பதை வைத்து ஒரு வீட்டின் மாட்டுப் பொங்கலை எடை போட்டுவிடலாம்.

கொம்புக்கு வர்ணம் அடிக்கிறபோது ஒரு கையால் காதை மடக்கிப் பிடித்துக்கொள்கிறார், சொட்டு விழாமல். கொம்பின் மேல் பாதிக்குத்தான் வர்ணம். அடிப்பாகத்தைத் தொடவில்லை.

“ஏன் பெரியப்பா, அடி வரைக்கும் அடிக்கலையா?”

“வேர்ல உசிரு இருக்குப்பா. தொட்டுப் பாரு.”

தொட்டேன். நுனி குளிர்ந்து கிடக்கிறது. அடிப்பக்கம் வெதுவெதுப்பு. வெளியே இருக்கிற கூடு நம் நகத்தைப் போன்ற பொருள். உள்ளே இரத்தம் ஓடுகிற எலும்பு. வளர்ந்த மாட்டில் நெற்றிக் குழியின் காற்றறை அந்த எலும்புக்குள் வரை நீள்கிறது. தோலும் கொம்பும் சேருகிற இடத்தில்தான் புதுக் கொம்பு உண்டாகிறது. கொம்பை ஆழமாகச் சீவுவதும், அடியில் கயிறு உரசுவதும், அங்கே பெயின்ட் பூசுவதும் கொம்புப் புற்றுக்குக் காரணமாகலாம் என்று கால்நடை மருத்துவர்கள் சந்தேகப்படுகிறார்கள். பெரியப்பாவுக்கு அந்தப் புத்தகமெல்லாம் தெரியாது. தொட்டுப் பார்த்த கை தெரியும்.

வர்ணம் என்று அவர் வைத்திருந்தது காவிக்கல் கரைத்தது. ஊரில் பல வீட்டில் கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட்தான். அதன் வாடையே மாட்டுக்கு மூச்சு முட்டும். காய்வதற்குள் ஒன்றையொன்று நக்கும். ஈயம் கலந்த பெயின்ட் லேசாக இனிக்கும், கன்றுகள் விரும்பி நக்கும், அதில் கண் தெரியாமல் தள்ளாடிச் செத்த கன்றுகள் பல நாடுகளில் உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கொட்டகை மூலையில் கிடக்கிற பழைய டப்பா அதற்கு முந்தையதாக இருக்கலாம்.

கிழக்கே, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உம்பளச்சேரி உழவு மாடுகளுக்குக் கொம்பைச் சின்னதிலேயே தீய்த்துவிடும் வழக்கம் உண்டு. மொட்டை மாடு என்றே பெயர். அங்கே நெட்டி மாலைக்கு வேலை அதிகம். அந்தத் தீய்ப்பைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதலாம்.

என்னைக் கேட்டால் கொம்புக்கு நல்லெண்ணெய் தடவினாலே போதும். கறுத்து மினுங்குகிற கொம்பைவிட அழகான நிறம் எந்த டப்பாவிலும் இல்லை.

*

அதே நாள், மதியம்

தெருவில் மாடுகள் வீடு வீடாக நிற்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல். ஒவ்வொரு வீட்டாரும் கொடுப்பது கொஞ்சம்தான். மாடு எல்லாருடையதையும் தின்கிறது, அதுதான் கணக்கில் வருவதில்லை. வெந்த அரிசி மாட்டின் பெரிய வயிற்றில் வைக்கோலைப் போல மெல்லச் செரிப்பதில்லை. வேகமாகப் புளித்து அமிலமாகிறது. அந்த அமிலத்தில் வைக்கோலைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் மடிகின்றன. அசை போடுவது நின்றுவிடும். சாணம் புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும். பிறகு எழுந்திருக்காது. பொங்கல் முடிந்த வாரத்தில் கால்நடை மருத்துவர்களுக்கு ஓய்வு இல்லாத காரணம் இது.

பெரியப்பா மாடுகளைக் கட்டவிழ்த்துவிடவில்லை. முதலில் வயிறு நிறைய வைக்கோல் போட்டார். அப்புறம் ஆளுக்கு ஓர் உருண்டை பொங்கலை வாயில் ஊட்டினார். பக்கத்து வீட்டம்மா ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்தபோது வாங்கிக்கொண்டு, “நாங்க சாப்பிடுறோம் தாயி” என்றார். சாப்பிடவும் செய்தார்.

சலங்கையையும் அவர் அப்போதே கழற்றிவிட்டார். மாட்டின் காது நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியையும் கேட்கும். நமக்கு இனிமையாக இருப்பது, அதன் கழுத்தடியில் ஒவ்வொரு அசைவுக்கும் எப்படிக் கேட்கிறது என்பதை நாம் அறிய வழியில்லை. பழகிய பழைய மணி ஒன்று மட்டும் கழுத்தில் இருக்கிறது. புதிது எதுவும் இராத்தங்கவில்லை.

*

காணும் பொங்கல்

வீட்டில் மாடோ ஆடோ நாயோ இருப்பவர்களுக்கு: நேற்றுக் கட்டியதை இன்னும் அவிழ்க்கவில்லையென்றால், இதைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள். கம்பி வைத்த மாலையாக இருந்தால் எருக்குழியில் போடாதீர்கள், மாடு மேயும் இடத்திலும் வீசாதீர்கள். கழுத்தில், காதடியில், அக்குளில் மயிர் தேய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மாடு அசை போடாமல் நின்றாலோ இடப்பக்க வயிறு உப்பியிருந்தாலோ நாளைக்கு என்று தள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் எண் 1962.