ஆந்தையின் உபதேசம்

பதினெட்டாம் நாள் போர் ஓய்ந்த இரவில், துரியோதனன் தொடை முறிந்து களத்தில் கிடக்க, கௌரவர் பக்கத்தில் எஞ்சிய மூவர் காட்டிலே ஓர் ஆலமரத்தடியில் தங்கினார்கள் என்று மகாபாரதத்தின் ஸௌப்திக பர்வம் கூறுகிறது. கிருபரும் கிருதவர்மனும் களைப்பில் உறங்கிவிட்டார்கள். வஞ்சனையால் தந்தையை இழந்த அசுவத்தாமனுக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. அப்போது, அம்மரத்தின் கிளைகளில் அயர்ந்திருந்த காக்கைகளின்மீது ஆந்தை ஒன்று ஓசையின்றிப் பாய்ந்து, சிலவற்றின் சிறகைக் கிழித்து, சிலவற்றின் தலையைக் கொய்து, மரத்தடி முழுவதையும் உடல்களால் நிரப்புவதை அவன் விழித்திருந்து பார்த்தான். பார்த்தவன் கலங்கவில்லை; அந்தப் பறவை தனக்கு உபதேசம் செய்ததாகவே எண்ணினான். விடியுமுன் பாண்டவர் பாசறையில், உறங்கிக்கொண்டிருந்த திருஷ்டத்யும்னனும் சிகண்டியும் திரௌபதியின் மைந்தர் ஐவரும் அவன் கையால் மாண்டார்கள்.

போர்த் திரைப்படங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த ஆந்தை நினைவுக்கு வருகிறது. கொடுமையைக் காட்டினால் காண்போர் உள்ளத்தில் கருணை சுரக்கும், யுத்தத்தின்மீது வெறுப்பு உண்டாகும் என்பது நல்லெண்ணம் படைத்த கலைஞர் பலருடைய நம்பிக்கை. அதை நான் முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் காட்சி ஒன்றே கருணைக்குப் போதுமான காரணம் என்றால், அந்த இரவில் ஆலமரத்தடியில் ஒரு துறவி அல்லவா பிறந்திருக்க வேண்டும்? ஹிம்சையைக் காண்பது ஒருவனுக்கு ஞானமாகவும் மற்றொருவனுக்குப் பயிற்சியாகவும் முடிவது எதனால் என்பதே கேள்வி. கலை விமரிசனத்தின் எல்லைக்குள் அடங்காமல், ஆன்மாவின் நலத்தையே தொடுகின்ற கேள்வி இது.

அப்படியானால் காணாமலே இருந்துவிடுவது மேல் என்று தோன்றலாம். போர் தொடங்குமுன் வியாசர் திருதராஷ்டிரனிடம் வந்து, விரும்பினால் பார்வை தருவதாகச் சொன்னார். சுற்றத்தார் மடிவதைக் காண மனமில்லை என்று மறுத்த அம்மன்னன், நடப்பதை ஒன்றுவிடாமல் கேட்க மட்டும் ஆசைப்பட்டான். ஆகவே திவ்ய திருஷ்டி ஸஞ்ஜயனுக்குக் கிடைத்தது. அந்த மறுப்பை இளகிய மனத்தின் அடையாளமாக என்னால் கொள்ள முடியவில்லை. தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தும் தடுக்காதவன், விளைவைக் கண்ணெதிரே காணும் வேதனையை மட்டும் விலக்கிக்கொண்டு, தன் மக்களுக்கு வெற்றிச் செய்தி வருமா என்று செவியைத் தீட்டிக்கொண்டு வீற்றிருந்தான். தொலைதூர யுத்தத்தில் மாண்டவர்களின் எண்ணிக்கையைப் பத்திரிகையில் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும் நாம் அவனிடமிருந்து வெகுதூரத்தில் இல்லை.

காண மறுத்தவன் கதைக்கு மாறாக, விவிலியத்தின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தில், முத்திரைகள் உடைக்கப்படும்போது ஜீவன்கள் யோவானை ‘வந்து பார்’ என்று அழைக்கின்றன. அந்த அழைப்பையே தலைப்பாகக் கொண்டு, சோவியத் இயக்குநர் எலெம் கிளிமோவ் 1985-ஆம் ஆண்டில் ஒரு படம் எடுத்தார். கிளிமோவ் ஸ்டாலின்கிராடில் பிறந்து, சிறுவனாக இருந்தபோது எரியும் நகரைப் பின்னே விட்டுத் தாயுடன் வோல்கா நதியைக் கடந்தவர். அவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய அலெஸ் அதமோவிச், இளம் பருவத்திலேயே பெலாரஸ் காடுகளில் நாஜிகளை எதிர்த்துப் போரிட்டவர். பின்னாளில், எரிக்கப்பட்ட கிராமங்களில் தப்பிப் பிழைத்தவர்களைத் தேடிச் சென்று, மற்றும் இரு எழுத்தாளர்களுடன் அவர்கள் வாய்மொழியைத் திரட்டியவர். ஹாத்தின் என்ற ஒரு சிற்றூரில் மட்டும் 1943 மார்ச் 22 அன்று 149 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 75 பேர் குழந்தைகள். இவ்வாறு குடிமக்களோடு கொளுத்தப்பட்ட கிராமங்கள் 628 என்று படத்தின் முடிவில் எழுத்துகள் தோன்றுகின்றன.

படத்தின் நாயகன் ஃபிளியோரா என்னும் சிறுவன். மணலில் புதைந்துகிடந்த துப்பாக்கி ஒன்றைத் தோண்டி எடுத்துக்கொண்டு, தாய் அழுது தடுத்தும் கேளாமல், காட்டிலுள்ள எதிர்ப்புப் படையில் சேரப் புறப்படுகிறான். குண்டுவீச்சில் செவி மந்தமாகி, கிளாஷா என்ற பெண்ணுடன் அவன் வீடு திரும்பும்போது அங்கே ஒருவருமில்லை. அடுப்பில் வைத்த ஸூப் இன்னும் சூடாக இருக்கிறது. தங்கைகளின் பொம்மைகள் தரையில் கிடக்கின்றன. ஈக்களின் இரைச்சல் ஓயவில்லை. ஊரார் சதுப்பு நிலத்துக்கு அப்பாலுள்ள தீவில் ஒளிந்திருப்பார்கள் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு அவன் ஓடுகிறான். பின்னால் ஓடும் கிளாஷா ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். சுவரோரத்தில் உடல்கள் விறகுபோல் குவிந்திருக்கின்றன. அவன் காணவில்லை, அவள் கண்டாள். நமக்கும் அது ஒரு கணமே காட்டப்படுகிறது. அதற்குமேல் நம் கண்ணை அங்கே மேயவிடாத அந்த அடக்கத்தில் ஒரு பெரிய கலைஞனின் தர்மம் இருக்கிறது.

பின்னர் வேறொரு கிராமத்தில், நாஜிச் சிப்பாய்கள் மக்களை ஒரு மரக் கட்டடத்துக்குள் அடைத்து, குழந்தைகளை விட்டுவிட்டு வருகிறவர்கள் வெளியே வரலாம் என்கிறார்கள். தாய்மார் அசையவில்லை. ஃபிளியோரா ஜன்னல் வழியே வெளியேறுகிறான். கட்டடம் எரிகிறது, சிப்பாய்கள் கைதட்டுகிறார்கள், அவனை மண்டியிடச் செய்து, நெற்றிப்பொட்டில் கைத்துப்பாக்கியை வைத்து, நினைவுக்காகப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொலைகாரர்களும் அங்கே பிரேக்ஷகர்களே. அவர்களும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். தீயையும் கண்டார்கள், ஓலத்தையும் கேட்டார்கள். ஆயினும் அவர்கள் நெஞ்சில் ஓர் அணுவும் இளகவில்லை.

இங்கேதான் எனக்கு விடை புலப்பட்டது. அசுவத்தாமன் ஆந்தையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தான். கூட்டில் கிடந்த காக்கையின் இடத்தில் ஒரு கணமும் வைத்துப் பார்க்கவில்லை. வீரர்கள் அணிவகுக்க, இசை முழங்க, எதிரி விழும்போது அரங்கம் ஆர்ப்பரிக்க எடுக்கப்படும் படங்கள் நம்மை ஆந்தையின் கிளையில் உட்கார வைக்கின்றன. அவற்றில் எவ்வளவு இரத்தம் காட்டினாலும், எத்தனை விதவைகளை அழவைத்தாலும், கற்றுக்கொடுப்பது கொலையைத்தான். கிளிமோவ் நம்மைக் கூட்டில் உட்கார வைக்கிறார். முதல் உலகப் போரைப் பற்றி லூயிஸ் மைல்ஸ்டோன் 1930-இல் எடுத்த ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்’ படமும் அவ்வகையைச் சேர்ந்ததே. நாஜித் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் பெர்லின் அரங்கில் வெள்ளெலிகளை ஓடவிட்டும் நாற்றக் குண்டுகளை வீசியும் அதைத் தடுத்தார்கள் என்றால், எந்தப் பார்வை தங்களுக்கு ஆபத்தானது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

கிளிமோவ் படத்தின் இறுதியில், சேற்று நீரில் கிடக்கும் ஹிட்லரின் உருவப்படத்தைச் சிறுவன் காண்கிறான். இவ்வளவு துயரத்தினூடே சுமந்துவந்த துப்பாக்கியை முதன்முறையாகச் சுடுகிறான். ஒவ்வொரு குண்டுக்கும் சரித்திரம் பின்னோக்கி ஓடுகிறது, இடிந்த கட்டடங்கள் எழுகின்றன, படைகள் பின்வாங்குகின்றன, கொடுங்கோலன் இளைஞனாகிப் பாலகனாகிறான், கடைசியில் தாயின் மடியில் ஒரு சிசு நம்மை நோக்குகிறது. சிறுவனின் விரல் நின்றுவிடுகிறது.

அந்தச் சிசுவைக் கொன்றிருந்தால் கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்திருக்குமே என்று வாதிப்பவர் உண்டு. அவர்களை இகழ எனக்கு மனம் வரவில்லை. எரிந்த ஊரிலிருந்து எழும் வாதம் அது. ஆனால் சற்று முன்னே, பிடிபட்ட நாஜி அதிகாரி ஒருவன், தொல்லையெல்லாம் குழந்தைகளிடமிருந்தே தொடங்குகிறது, சில இனங்களுக்கு எதிர்காலமே கூடாது என்னும் கருத்தைத் துணிந்து கூறியிருக்கிறான். சிசுவின்மீது குறிவைத்த கணத்திலேயே ஃபிளியோரா அவனுடைய சித்தாந்தத்தை ஏற்றுக்கொண்டவனாகிவிடுவான். தந்தையை இழந்த அசுவத்தாமன் அதைத்தான் செய்தான்: பகையின் வேரையே அறுக்க எண்ணி, பாண்டவர் குல மருமகள் உத்தரையின் கருப்பத்தின்மீது அஸ்திரத்தை ஏவினான். தாயையும் தங்கைகளையும் இழந்த இச்சிறுவனுக்கு அவனைவிடக் குறைந்த நியாயமில்லை; ஆயினும் சிறுவன் சுடவில்லை. அவன் முகம் அதற்குள் கிழவனின் முகம்போல் சுருங்கிவிட்டது. அகிம்சை அவனுக்கு எளிதாக வந்த குணம் அன்று என்பதை அந்த முகத்தைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்ல முடியாது.

நான் இப்படத்தைப் பார்த்த இரவில் எனக்கு உணவு செல்லவில்லை. பல நாட்கள் ஈயின் ஓசை கேட்டாலே நெஞ்சு பதைத்தது. என்னுடன் வந்த நண்பர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அன்று அவரைக் கோழையென்று எண்ணினேன்; அது தவறு. அவர் கண்ணை மூடிக்கொண்டு செவியைத் தீட்டியவரல்லர். கூட்டில் உட்கார்ந்து, வலி பொறுக்காமல் எழுந்தவர். இத்தகைய படங்களை வாசகர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். சிறு குழந்தைகளுக்குக் காட்டலாகாது. பார்க்க முடியாமல் எழுந்து போகிறவர்களை யாரும் ஏளனம் செய்யலாகாது. இப்படத்துக்குப் பின் கிளிமோவ் 18 ஆண்டுகள் வாழ்ந்து, 2003-இல் காலமானார். வேறொரு படம் அவர் எடுக்கவில்லை.