திரும்பி வந்தவரின் ஹக்கு



தூரதேசத்துக்குத் தொண்டு செய்யப் புறப்படுகிறவரை வழியனுப்பப் பலரும் கூடுகிறார்கள். திரும்பி வந்தபின் அவருக்கு என்ன தேவை என்று விசாரிப்பவர் வெகு சிலரே. இந்த விஷயத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த நடைமுறையைக் கவனிப்போம்.

ஹஜ்ரத் ஜஅஃபர் (ரலி) அவர்களும் தோழர்களும் அபிஸீனியாவில் நெடுங்காலம் அந்நியராக வாழ்ந்துவிட்டு, ஹிஜ்ரி 7-ல் (கி.பி. 628) கைபர் வெற்றியின்போது வந்து சேர்ந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஜஅஃபரைக் கட்டியணைத்து முத்தமிட்டார்கள். அதோடு விட்டுவிடவில்லை. யுத்தத்தில் கலந்துகொள்ளாத அந்தக் கப்பல் பிரயாணிகளுக்கும் கனீமத்தில் பங்கு கொடுத்தார்கள்! வெறுங்கையோடு வந்தவருக்கு முகமன் மட்டும் போதுமா?

பின்னர் ஒரு நாள், ஹிஜ்ரத்தில் முந்தியவர்கள் நாங்களே என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கூற, ஜஅஃபரின் மனைவி அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் நபியவர்களின் அருகிலேயே இருந்தீர்கள்; நாங்களோ அந்நிய மண்ணில் அஞ்சிக் கிடந்தோம் என்று சொல்லி, நேரே நாயகத்திடம் போய் முறையிட்டார்கள். கப்பலில் வந்தவர்களுக்கு இரண்டு ஹிஜ்ரத் என்று தீர்ப்பாயிற்று. அதைக் கேட்க அந்தக் கப்பல் தோழர்கள் கூட்டங்கூட்டமாக அஸ்மாவிடம் வந்தார்களாம். பட்ட பாட்டை அறிந்தவர் வாயால் கேட்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

இக்காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1961-ல் கென்னடி தொடங்கிய அமைதிப் படையின் தொண்டர்கள் வழக்கமாக இரண்டாண்டுகளுக்கு மேல் அயல்நாட்டுக் கிராமங்களில் ஆசிரியராகவும் சுகாதார ஊழியராகவும் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். சொந்த ஊரே அவர்களுக்கு அந்நியமாகத் தெரிகிறது. ஆப்பிரிக்கா எப்படி இருந்தது என்று கேட்ட நண்பர், பதில் முடியுமுன் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்!

இவர்களுக்கு ஏற்பாடுகள் இல்லாமலில்லை. பணியாற்றிய மாதங்களைக் கணக்கிட்டு மறுவாழ்வுத் தொகை தருகிறார்கள். அரசாங்க வேலைகளில் குறிப்பிட்ட காலம்வரை சலுகை உண்டு. மேற்படிப்புக்கு உதவும் திட்டமொன்று 1985-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பல கல்லூரிகளுக்கும் பரவியது. இவையெல்லாம் நல்லவையே. நோய் விஷயத்தில்தான் நமக்குத் திருப்தியில்லை. பணியினால் வந்த வியாதிக்கு நஷ்டஈட்டுச் சட்டப்படி சிகிச்சை பெறலாம். ஆனால் அது பணியினால் வந்ததுதான் என்று மனுவும் மருத்துவச் சான்றும் கொடுத்து நிரூபிக்கும் பாரம் நோயாளியின் தலையிலேயே விழுகிறது. மனச்சோர்வோடு வந்தவர் காகிதம் திரட்டிக்கொண்டு அலைவாரா?

இங்கேதான் அவர்களே ஏற்படுத்திக்கொண்ட சங்கம் உதவுகிறது. 1979-ல் உருவான அதனோடு, வசிக்கும் ஊரின் பெயராலும் தொண்டாற்றிய நாட்டின் பெயராலும் அமைந்த பல குழுக்கள் இணைந்திருக்கின்றன. நேற்று வந்தவருக்கு, நாற்பது வருஷத்துக்கு முன் அதே நாட்டிலிருந்து வந்தவர் வழி சொல்கிறார். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக ஏறத்தாழ 7,000 தொண்டர்கள் சில நாட்களுக்குள் திருப்பி அழைக்கப்பட்டார்கள். மாணவர்களிடம் விடைபெறக்கூடப் பலருக்கு அவகாசமில்லை. வந்து இறங்கியவர்களுக்கு வேலையில்லை, சிலருக்குத் தனித்திருக்க ஓர் அறையுமில்லை. அப்போது முன்னாள் தொண்டர்கள் தங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள்.