பழிக்குப் பழி அறமாகுமா?



தசலட்சண பர்வத்தின் முதல் நாள் உத்தம பொறைக்கு உரியது. பர்வம் நிறைவுற்றபின் வரும் க்ஷமாவணி நாளில் ஒருவரையொருவர் வணங்கிப் பொறுத்தருள வேண்டுகிறோம். முன்பெல்லாம் அஞ்சலட்டை எழுதினோம். இன்று கைப்பேசியில் செய்தி அனுப்புகிறோம். நல்ல வழக்கமே. ஆயினும் அச்செய்திகள் யாருக்குச் செல்கின்றன என்று எண்ணும்போது சிறிது நகைப்பும் தோன்றுகிறது. சம்பந்தி வீட்டிற்குச் செல்கின்றன. உடன் படித்தவர்க்குச் செல்கின்றன. வரப்புத் தகராறினால் ஐந்தாண்டாக முகம் பாராதிருக்கும் பங்காளிக்கு மட்டும் செல்வதில்லை.

ஆகவே பொறையைப் புகழுமுன் அதன் மறுபுறத்தை வினவுதல் நேர்மை. நமக்குப் பெருந்தீங்கு இழைத்தவனுக்கு, நாமும் தீங்கு இழைத்து நேர்செய்வது எப்போதேனும் அறமாகுமா? சிறு பிணக்குகளை விட்டுவிடுவோம். கொலையுண்டவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் இவ்வினாவைக் கேட்டால் என்ன விடை கூறுவோம்?

இவ்வினாவுக்கு உரிய பழங்கதை நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியின் கதை அது. பலவாறு வழங்கும் அக்கதையின் சாரம் இதுதான்: தன்னை நம்பி உடன் வந்த மனைவியைக் கணவன் ஒருவன் காட்டிடையே கொன்றான். அவள் பேயாகிக் காத்திருந்தாள். அவன் மறுபிறவியில் வணிகனாய் அவ்வழி வந்தபோது, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன்னே சென்று, இவனே என்னைக் கைவிட்ட கணவன் என்று அழுதாள். வணிகன் அஞ்சினான். உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று எழுபதின்மரும் வாக்களித்து, இருவரையும் ஓரிடத்தில் தங்கச் செய்தனர். விடிந்தபோது அவன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்கினர்.

நீலியின் பக்கம் நியாயம் இல்லை என்று யாரும் கூற இயலாது. குற்றமற்ற பெண் கொலையுண்டாள். கொன்றவனே இறுதியில் மாண்டான். பழிவாங்குதல் சரி என்பார்க்கு இதனினும் தெளிவான வழக்கு கிடைப்பது அரிது. ஆனால் கணக்கைப் பாருங்கள். குற்றவாளி ஒருவன், அவனோடு மாண்டவர், இரக்கங்கொண்டு ஒரு பெண்ணின் அழுகையை நம்பியதன்றி வேறு பிழை செய்யாத எழுபதின்மர். இன்னுமொரு நட்டமும் உண்டு. பொய்யழுகைக்கு இன்றும் நாம் நீலிக்கண்ணீர் என்றுதானே பெயர் சொல்கிறோம்? அவள் காட்டில் கொலையுண்டபோது அழுத அழுகை மெய்யானது. பழிதீர்ப்பதற்கென்று அவள் அழுத பொய்யழுகை, அந்த மெய்க்கண்ணீரையும் மறைத்துவிட்டது. கொலையுண்ட பெண் வஞ்சகத்தின் பெயராக நின்றுவிட்டாள். பெண்ணினத்தவராகிய நமக்கு இது மிகவும் வருத்தமளிப்பது.

இந்த நீலியை அப்படியே விட்டுவிட மனமின்றி எடுத்துக்கொண்டவர் நம் சமணப் புலவர் ஒருவர். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. வாமன முனிவர் உரையோடு அந்நூலை 1936இல் அச்சேற்றித் தந்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். அதில் முனிச்சந்திரர் என்னும் முனிவர், காளிக்கு உயிர்ப்பலி இடவந்தவர்களிடம், உயிருக்கு மாற்றாக மண்ணால் செய்த உருவங்களைப் படைக்குமாறு கூறுகிறார். பலியை இழந்த காளி சினந்து, முனிவரைத் தொலைக்கத் தென்னாட்டுப் பழையனூர் நீலியை அழைக்கிறாள். நீலி கோர உருக்களைக் காட்டி அச்சுறுத்துகிறாள், முனிவர் அஞ்சவில்லை. அரசகுமாரி வடிவங்கொண்டு மயக்கப் பார்க்கிறாள். அவர் மயங்கவுமில்லை, அவள் யாரென்று அறிந்தும் வெகுளவுமில்லை. நீலி கூசிப் பணிந்து அறங்கேட்கிறாள். இதற்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று அவள் வினவ, உயிர்களிடத்து அருள் பூண்டு அவ்வறத்தைப் பரப்புவதே கைம்மாறு என்கிறார் முனிவர். அதன்பின் நீலி ஊர் ஊராகச் சென்று வாதிடுகிறாள், யாரையும் கொல்வதில்லை.

புலவர் அவளுடைய ஆற்றலைக் குறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அஞ்சாமையும் விடாப்பிடியும் முன்போலவே இருக்கின்றன. கொலைக்கு ஓடிய கால்கள் வாதத்திற்கு ஓடுகின்றன; அவ்வளவே. பகையை விடுவதென்றால் வலுவிழந்து மூலையில் ஒடுங்குவது என்று கருதுவோர் இக்காப்பியத்தை ஒருமுறை படித்தல் நலம்.

இனி, நூல்கள் கூறும் முறையைச் சிறிது காண்போம். இல்லறத்தாரின் ஹிம்சையை நான்காகப் பகுப்பர்: மனத்தில் கருதிச் செய்யும் சங்கல்பம், சமையல் முதலிய இல்லத்துப் பணிகளில் நேரும் ஆரம்பம், தொழிலில் நேரும் உத்யோகம், தாக்க வருவோரைத் தடுக்கும்போது நேரும் விரோதம். முதலாவதைச் சிராவகர் அறவே விடவேண்டும். ஏனைய மூன்றும் வினையைச் சேர்ப்பவையே எனினும், முற்றும் விடுதல் இல்லறத்தார்க்கு இயலாதவை. இங்கே ஓர் ஐயம் எழும். பழிவாங்குதல் விரோதத்தில் அடங்காதோ? அடங்காது. ஓங்கிய கையைத் தடுப்பது விரோதம். அக்கை இறங்கி, அடியும் விழுந்து, நாளும் கடந்தபின், இருளில் காத்திருந்து திருப்பி அடிப்பதால் யாருடைய உயிரும் காக்கப்படுவதில்லை. அது திட்டமிட்டுச் செய்வது. சங்கல்ப ஹிம்சையே ஆகும்.

கோபம் எவ்வளவு காலம் உள்ளே தங்குகிறது என்பதையும் நம் ஆசாரியர்கள் அளந்திருக்கிறார்கள். நீரில் கிழித்த கோடு போன்ற சினம் ஒரு முகூர்த்தத்துக்குள் மறையும். மணலில் கிழித்தது போன்றது ஒரு பட்சம் வரை நிற்கும். நிலத்துப் பிளவு போன்றது ஆறு மாதம் வரை. அதற்கும் மேற்பட்டுப் பிறவிதோறும் தொடர்வது கல்லில் வெட்டிய கோடு, அதுவே அனந்தானுபந்தி. அது நற்காட்சியையே அழிப்பது. ஆகவே பழியுணர்ச்சியின் முதற்கேடு பகைவனுக்கன்று, அதைப் போற்றி வைத்திருப்பவருக்கே. பகவான் பார்சுவநாதரின் முற்பிறவிகளில் மருபூதியைக் கமடன் துரத்தியது இத்தகைய பகையினால்தான். அவ்வரலாற்றில் வியப்பு என்னவெனில், தீங்கு செய்தவன் கமடன். வன்மம் வைத்தவனும் அவனே. மன்னிப்புக் கேட்க வந்த தம்பியின் தலையில் கல்லைப் போட்டான்.

நம் சீவகனே பழிவாங்கினானே என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. தந்தை சச்சந்தனைக் கொன்று நாட்டைக் கவர்ந்த கட்டியங்காரனைச் சீவகன் போரில் கொன்றது உண்மை. ஆயினும் திருத்தக்கதேவர் காப்பியத்தை அவ்வெற்றியோடு முடிக்கவில்லை. பின்னொரு நாள் பொழிலில், குரங்கின் கையிலிருந்த பலாப்பழத்தைக் காவலன் பறித்துக்கொள்வதைச் சீவகன் காண்கிறான். பறிகொடுத்த குரங்கு கட்டியங்காரனை ஒத்தது, பறித்த காவலன் என்னை ஒத்தான் என்று அவன் உள்ளம் நடுங்குகிறது. நாட்டை மீட்டவனாகத் தன்னை எண்ணியிருந்தவன், அன்று பறித்தவனாகத் தன்னைக் கண்டான். துறவு அங்கே தொடங்குகிறது.

பழங்கதைகள் போதும், நம் காலத்திற்கு வருவோம். 1991 மே 21 இரவு, அந்நாளில் நம் திருவள்ளூரும் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்ததை நம் தலைமுறையினர் மறக்கவியலாது. மாலையோடு வந்த பெண்ணொருத்தி, காலைத் தொட்டு வணங்குவாள் போலக் குனிந்து வெடித்தாள். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மாண்டார். நீலியின் அழுகையைப் போலவே அந்த வணக்கமும் பழிக்குக் கருவியாயிற்று. இலங்கைக்கு 1987இல் இந்திய அமைதிப் படையை அனுப்பியதால் எழுந்த வன்மமே இதற்குக் காரணம் என்பது பின்னர் உச்சநீதிமன்றம் கண்ட முடிவு.

அவ்வன்மத்திற்கு அடிப்படையான துன்பம் பொய்யன்று. அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் அப்படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் மாண்டனர். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் கண்டிப்பது நடுநிலையாகாது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் உடன் மாண்டவர் யார்? காவற்பணிக்கு வந்த காவலர்கள், கட்சித் தொண்டர்கள், பள்ளிச் சிறுமி ஒருத்தி. இவர்களுள் யாழ்ப்பாணத்திற்குப் படை அனுப்பியவர் எவர்?

கணக்கு அத்தோடும் முடியவில்லை. நம் கும்மிடிப்பூண்டியில் ஈழத்திலிருந்து வந்த ஏதிலியரின் முகாம் உண்டு. போருக்கு அஞ்சிக் கைக்குழந்தைகளோடு கடல் கடந்தவர்கள் அவர்கள். அதுவரை இரக்கத்தோடு நோக்கிய நம் மக்கள், அந்த ஓரிரவுக்குப்பின் ஐயத்தோடு நோக்கினர். முகாம்களின்மேல் கண்காணிப்பு இறுகிற்று. 1992 முதல் பலர் திருப்பியனுப்பப்பட்டனர். தமக்காகப் பழிவாங்குமாறு யாரையும் கேளாத அம்மக்கள்மேல் அப்பழியின் கூலி விழுந்தது. பழையனூரின் எழுபதின்மர் ஒவ்வொரு பழியிலும் இருக்கிறார்கள், பெயர்தான் மாறுகிறது.

அவ்வழக்கை விசாரித்த தனி நீதிமன்றமும் நம் மாவட்டத்துப் பூந்தமல்லியில்தான் இருந்தது. 1998 ஜனவரி 28இல் அது இருபத்தாறு பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதனை உறுதி செய்தது. அந்நால்வருள் நளினியும் ஒருவர். சிறையில் பெண்மகவு ஈன்றவர். அவர் உயிரைக் காக்குமாறு கேட்டுக்கொண்டவர், கணவரை இழந்த சோனியா காந்தி. 2000ஆம் ஆண்டு நளினியின் தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. 2008 மார்ச்சில் மகள் பிரியங்கா வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியை நேரில் கண்டார். மற்ற மூவரின் தூக்கும் 2014இல் நீங்கிற்று. 2022இல் சிறையில் எஞ்சியிருந்த எழுவரும் விடுதலையாயினர்.

அவ்விடுதலையை அன்று காயமுற்றோரும் உறவினரை இழந்தோரும் சிலர் எதிர்த்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. சோனியா காந்தியின் பொறை அவருடையது. காவலர் ஒருவரின் மனைவிக்காக அவர் பொறுக்க இயலாது, அரசும் இயலாது, மேடையேறி அறமுரைக்கும் நம்மாலும் இயலாது. பொறை வாங்கித் தரக்கூடிய பொருளன்று. பிறர்மேல் சுமத்தப்படும் பொறை, தீங்கு செய்தவனுக்கு வசதியாகவே முடியும்.

இதை அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் சிராவகியார் ஒருவர் நம்மிடம் வந்தார். அவர் மகன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்து, விபத்தில் மாண்டவன். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரே இல்லை என்று சாதித்தார்களாம். சிறுதொகை ஒன்றைக் கொடுத்து வெற்றுத்தாளில் கையொப்பமும் கேட்டிருக்கிறார்கள். உறவினரோ, நாம் சமணர், வழக்கும் வம்பும் நமக்கு வேண்டா, பொறுத்துப்போ என்றனராம். "டீச்சரம்மா, நான் வழக்குப் போட்டால் பழிவாங்கின பாவம் என்னைச் சேருமா?" என்று அவர் கேட்டார்.

அந்த உறவினர்மேல் நமக்குச் சினம் வந்தது. நீரில் கிழித்த கோடு என்று கொள்க. பின் அவரிடம் ஒன்று கேட்டோம். அந்த முதலாளியின் மகனும் இவ்வாறே மாண்டால் உங்கள் மனம் ஆறுமா? அவர் திடுக்கிட்டு, "ஐயோ, அந்தப் பிள்ளை என்ன செய்தது?" என்றார். அப்படியானால் நீங்கள் நாடுவது பழியன்று என்றோம். மகன் பெயர் பதிவேட்டில் ஏறவேண்டும், உரிய இழப்பீடு வரவேண்டும், அந்த உலையருகே இன்னொரு பிள்ளை காப்பின்றி நிற்கக்கூடாது என்று கேட்பதில் ஹிம்சை எங்கே உள்ளது? வாய்மூடி இருப்பதனால்தான் அடுத்த உயிருக்குக் கேடு.

அப்படியாயின் தானே தண்டித்தால் என்ன, நீதிமன்றம் எதற்கு என்பார்க்கு நம் தொழில் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வோம். முற்காலப் பள்ளிகளில், விடை சொன்ன மாணவனைக் கொண்டு விடை சொல்லாதவன் தலையில் குட்டச் செய்யும் வழக்கம் இருந்தது. குட்டுப்பட்டவன் பாடத்தைக் கவனிப்பதில்லை. தன் முறை வருவதற்குக் காத்திருப்பான். வந்ததும் இரட்டிப்பாகக் குட்டுவான். ஆசிரியப் பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியைகளிடம் அவ்வழக்கத்தை அறவே விடுமாறு நாம் வற்புறுத்தியதுண்டு. அடிபட்ட குழந்தையின் கையில் பிரம்பைக் கொடுத்தால், அது தன் வலியைக் கொண்டுதான் அளக்கும்; வலிக்கு அளவுகோல் இல்லை. நீதிமன்றமும் பிழைசெய்யும், பூந்தமல்லியில் தூக்கு விதிக்கப்பட்ட இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர் மேல்முறையீட்டில் விடுதலையானதே சான்று. ஆனால் அங்கே மேல்முறையீடு உண்டு. நீலியின் தீர்ப்புக்கு மேல்முறையீடு ஏது?

அச்சிராவகியார் இழப்பீடு கேட்டு மனுச் செய்துள்ளார். அது விசாரணையில் இருக்கிறது. விடைபெறும்போது இன்னொன்றும் தயங்கிக் கேட்டார். "அந்த மேற்பார்வையாளரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இந்த மனத்தோடு ஜினாலயத்துக்கு வரலாமா?" வாருங்கள் என்றோம். அபிடேகத்தின்போது வந்து பெண்கள் பக்கத்துத் தூணருகே அமர்கிறார். அந்த மேற்பார்வையாளரைப் பொறுத்துவிட்டாரா என்று நாம் இதுவரை கேட்கவில்லை.