தோளும் மணிக்கட்டும்

ஐஸ் ஹாக்கியில் ஒருவன் மற்றொருவன்மீது தோள்கொண்டு மோதுவது குற்றமன்று. ஆனால், பந்தின் ஸ்தானத்தில் வழங்கும் அந்தக் கரிய ரப்பர் வட்டு எவன் வசம் இருக்கிறதோ அவன்மீது மட்டுமே மோதலாம் என்று விதி வகுத்தவர்கள், பலத்தை வித்தைக்கு ஊழியனாகவே நியமித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மோதலின் பிரயோஜனம் ஆளை வீழ்த்துவதன்று, வட்டை அவனிடமிருந்து பிரிப்பதே. வீழ்த்துவதிலேயே இன்பம் கண்டு தன் இடத்தை விட்டு ஓடுகிறவன், எதிரணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டல்லவா போகிறான்!

முரட்டுத்தனத்துக்குப் பேர்போன பிலடெல்பியா பிளையர்ஸ் அணி 1974, 1975 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நேஷனல் ஹாக்கி லீகின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, அச்சமூட்டுவதே ஜயத்தின் ரகசியம் என்று பேசினவர்கள் உண்டு. அவ்விரு ஆண்டுகளின் கடைசி ஆட்டத்திலும் ஒரு கோலும் புகவிடாமல் வலைமுன் நின்ற பெர்னி பரான்டின் நிதானம் அவர்கள் கண்ணில் படவில்லை போலும். 1976இல் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி, சறுக்கும் வேகத்தாலும் வேண்டிய இடத்தில் தோளாலும், தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் பிளையர்ஸ் அணியை வென்றது.

தோளின் பலம், மணிக்கட்டின் வித்தை ஆகிய இரண்டு சக்திகளையும் ஓர் உடலிலேயே குடியேற்றியிருந்தவர் கார்டி ஹோவ். அவருடைய முழங்கைக்கு (அது விதியை மீறியதும் உண்டு) அஞ்சி எதிரிகள் ஒதுங்கித் தந்த இடைவெளியில்தான், நேஷனல் ஹாக்கி லீகில் அவர் அடித்த 801 கோல்களில் பலவற்றுக்கு அந்த மணிக்கட்டு அவகாசம் பெற்றது.