புரியவில்லை என்பது பழியாமோ?

சென்ற ஆண்டு ஆவணித் திங்கள் பௌர்ணமியன்று நம் விகாரையில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்து, அன்பர்கள் கலைந்து சென்ற பின்னரும் ஓர் இளைஞன் தூணருகே நின்றுகொண்டிருந்தான். தங்கவயலிலிருந்து நாள்தோறும் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, அங்கே ஒரு பொறியியற் கல்லூரியில் மின்சாரப் பிரிவில் இரண்டாம் ஆண்டு பயிலும் பிள்ளை. பாட்டனார் தங்கச் சுரங்கத்தின் அடியில் உழைத்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பின் தகப்பனாரும் அதே இரயிலில் கூலி வேலைக்குச் சென்று வருகிறார். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் இவனே முதல்வன்.

"ஐயா, நான்கு பாடங்களில் தேறவில்லை. வீட்டில் சொல்லவில்லை. வகுப்பில் ஆசிரியர் 'புரிந்ததா' என்று கேட்கும்போது எல்லாரோடும் சேர்ந்து தலையசைக்கிறேன். ஒன்றும் புரியவில்லை. என் அறிவின் அளவே இவ்வளவுதானோ என்று தோன்றுகிறது. நின்றுவிடலாமா?" என்றான்.

அன்பர்களே, அவனுக்கு அன்றிரவு நான் கூறிய விடை அரைகுறையானது. பின்னர்ப் பல நாள் சிந்தித்ததையே இங்கு எழுதுகிறேன். கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் நம்மவர் வீடுகளில் இக்கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடக்கிறது என்பதை நான் இப்போது அறிவேன்.

'புரியவில்லை' என்பது ஒரு சொல்; 'எனக்குப் புரியாது' என்பது மற்றொரு சொல். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. முன்னது இன்றைய நிலையைக் கூறுவது. பின்னது, 'நான்' என்று மாறாத ஒரு பொருள் உள்ளே இருப்பதாகவும், அதற்கு இவ்வளவே கொள்ளளவு என்று பிறப்பிலேயே முத்திரை குத்தப்பட்டிருப்பதாகவும் தீர்ப்பளிப்பது. பகவான் புத்தர் மறுத்தது இத்தகைய 'நான்' என்பதையே அன்றோ? எதுவும் தானே தோன்றுவதில்லை, காரணங்கள் கூடின் தோன்றும், அவை இல்லையேல் தோன்றாது என்பது நம் அறத்தின் அடிப்படை. விளக்கிற்குத் திரியும் எண்ணெயும் வேண்டும். எண்ணெய் ஊற்றாது விட்டு, 'இத்திரியின் குலம் தாழ்ந்தது, ஆதலின் எரியவில்லை' என்பான் உளனோ? அறிவு பிறப்பால் வருவது என்ற பொய்யை நம் முன்னோர் தலைமேல் சுமத்தியவர்களை நாம் எதிர்க்கிறோம். ஆனால் அதே பொய்யை நம் பிள்ளை தன் வாயாலேயே தன்னைக் குறித்துக் கூறும்போது அதைத் தன்னடக்கம் என்று எண்ணி வாளாவிருக்கிறோம்.

இதனால் மனிதர் அனைவரும் ஒரே விரைவில் கற்பர் என்று நான் கூற வரவில்லை. அப்படிக் கூறுவது பொய். ஒருவன் ஒரு முறை கேட்டுக் கற்பான், மற்றொருவன் பத்து முறை கேட்டுக் கற்பான். ஆனால் அந்த ஒருவனுக்கு எத்தனை முறை வீட்டில் சொல்லித்தரப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே அவ்விளைஞனிடம் காரணங்களைக் கேட்டேன். பள்ளியில் கரும்பலகையில் எழுதிப் போட்ட விடைகளைப் பார்த்தெழுதி மனனம் செய்தே தேறியிருக்கிறான். திரிகோண கணிதம் பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் ஓடிக் கடந்துவிட்டது. கல்லூரியிலோ அது அனைவரும் அறிந்தது என்று வைத்துக்கொண்டே முதற்பாடம் தொடங்கிற்று. பாடம் ஆங்கிலத்தில். உடன் பயில்வோர் சிலரின் தந்தையர் பொறியியலாளர். அவர்கள் மாலையில் வீட்டில் கேட்டுத் தெளிகின்றனர். இவன் மாலையில் இரயிலில் நின்றுகொண்டு வருகிறான். இவற்றிற்கெல்லாம் மேலாக, முதலாண்டில் ஒரு நாள் இவன் எழுந்து ஐயம் கேட்டபோது, 'சிலர் மதிப்பெண்ணால் இங்கு வருகின்றனர், சிலர் வேறு வழியால் வருகின்றனர்' என்று ஆசிரியர் ஒருவர் கூற, வகுப்பு சிரித்ததாம். அதன் பின் இவன் எழவில்லை. நான்கு பாடங்களும் அன்றே தோற்றுவிட்டன என்பது என் எண்ணம்.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பாபாசாகேப் அம்பேத்கர் பயின்ற நாளில் நடந்ததாக அவர் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. கணக்கொன்றைக் கரும்பலகையில் செய்து காட்டுமாறு ஆசிரியர் அவரை அழைத்தார். உடனே சாதி இந்து மாணவர் கூச்சலிட்டு ஓடிச் சென்று, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தம் சோற்றுப் பாத்திரங்களை அப்புறப்படுத்தினர். அச்சிறுவனுக்கும் அக்கணக்கிற்கும் இடையே நின்றது அவன் மூளை அன்று, சோற்றுப் பாத்திரங்களே. இன்று பாத்திரங்கள் இல்லை. சிரிப்பு இருக்கிறது.

நம் பழங்கதைகளில் சூளபந்தகர் கதையை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும். ராஜகிருகத்து வணிகர் ஒருவரின் மகள் தன் வீட்டு அடிமையோடு வெளியேறி, வழியிலே பெற்ற பிள்ளைகள் இருவர். பந்தகர் என்னும் பெயரே வழியில் பிறந்ததால் வந்தது. மூத்தவர் மகாபந்தகர் துறவு பூண்டு விரைவில் மேனிலை எய்தினார். இளையவரோ நான்கு மாதங்கள் முயன்றும் நான்கடிப் பாட்டொன்றை மனனம் செய்ய இயலவில்லை. அடுத்த அடியைக் கற்கும்போது முன் கற்ற அடி மறைந்தது. 'நீ இதற்குத் தகுதியற்றவன், வெளியேறு' என்றார் தமையனார். ஜீவகர் அளித்த விருந்திற்குப் பிக்குகளை எண்ணிச் சொன்னபோதும் தம்பியை நீக்கியே எண்ணினார். விடியற்காலையில் வெளியேறச் சென்றவரை வாயிலில் எதிர்கொண்டவர் பகவான். அவர் பாட்டைத் திரும்பவும் ஓதச் சொல்லவில்லை. 'முயற்சி போதாது' என்று கடியவும் இல்லை. தூய துணித்துண்டொன்றைக் கையிற் கொடுத்து, அழுக்கு நீங்குவதைக் குறிக்கும் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே தேய்த்துக்கொண்டிரு என்றார். தேய்க்கத் தேய்க்கத் துணி கருத்தது. தூயதாயிருந்தது தூய்மை கெட்டதைக் கண்முன் கண்டபோது, நான்கு மாதப் பாட்டு தராத தெளிவை அத்துணி தந்தது.

அக்கதையின் பிற்பகுதியில் வரும் அற்புதங்களை நான் பெரிதாகக் கருதுவதில்லை. முற்பிறப்பில் அவர் செய்த வினையே மந்தபுத்திக்குக் காரணம் என்று உரைகாரர் கூறுவதையும் நான் ஏற்பதில்லை. முற்பிறப்பு வினையால் இப்பிறப்பின் தாழ்வு என்னும் கோட்பாட்டைப் பாபாசாகேப் 1957இல் வெளிவந்த தம் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் மறுத்திருக்கிறார். எனினும் அவ்வினை யாதென்று அறிந்தால் வியப்பீர்கள். முற்பிறப்பில் தாம் பெரும் கல்விமானாயிருந்து, கற்க இயலாத ஒரு பிக்குவை எள்ளி நகையாடினாராம். அவமானத்தால் அப்பிக்கு கற்பதையே விட்டுவிட்டாராம். உரைகாரர் கணக்கிலும் குற்றம் சிரித்தவன் மேலதே!

தமையனார் தீயவரல்லர் என்பதை மறத்தலாகாது. தாம் கற்ற வழி ஒன்றே வழி என்று எண்ணினார், அவ்வளவே. துணியின் செய்தியை நான் நம்புவதற்கு என் வாழ்விலும் ஒரு காரணம் உண்டு. பெங்களூரில் ஓர் ஆலையில் நூற்பு இயந்திரத்தில் நின்ற காலத்தில், 10ஆம் நம்பர் நூலிலிருந்து 40ஆம் நம்பர் நூலுக்கு மாற்றும்போது முறுக்கை நான்கு மடங்கு ஆக்காமல் இரண்டு மடங்கே ஆக்குவர். ஏன் என்று கேட்டேன். 'சக்கரத்தை மாற்று, கேள்வி கேட்காதே' என்றனர். பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலொன்றில் 'முறுக்கு நம்பரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது' என்றிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வர்க்கமூலம் எங்ஙனம் விளங்கும்? பல மாதங்கள் சென்றபின் ஒரு நாள் இரு நூல்களையும் அருகருகே விரலில் உருட்டியபோது விளங்கிற்று. பவுண்டு ஒன்றுக்கு 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனையோ அத்தனையே நம்பர். 40ஆம் நம்பர் நூலில் ஒரு கெஜத்தின் எடை நான்கில் ஒரு பங்கு. ஆனால் பருமன் பாதிதான் குறைகிறது. பாதிப் பருமனுள்ள நூலில் அதே சாய்வில் சுற்ற இருமடங்கு சுற்று போதும். நூல் கையிலிருந்தது, காரணம் புத்தகத்திலிருந்தது. இரண்டும் சந்திக்கும் வரை நான் மூடன் என்றே என்னை எண்ணியிருந்தேன்.

அவ்விளைஞனுக்கு எது முதலில் புரியாமற் போயிற்று என்று கேட்டேன். மாறுமின்னோட்டக் கணக்கில் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் வருகிறதாம். எந்த எண்ணையும் அதனாலேயே பெருக்கினால் மைனஸ் வாராது என்று பள்ளியில் கற்றவன் அவன். இல்லாத எண்ணைக் கொண்டு இருக்கிற மின்சாரத்தை எப்படி அளப்பது என்று அங்கேயே நின்றுவிட்டான். நல்ல கேள்வி. அதைக் கேட்க இடமில்லாமற் போனதே குறை.

எனக்கு அது தெரியாது. ஆதலின் சுரங்கத்தில் மின்சாரப் பணியாளராயிருந்து ஓய்ந்த நம் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தின் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் கம்பிவழி மின்சாரம் வந்த ஊர் இது. அதனோடு வாழ்ந்தவர்கள் இன்னும் இங்கு உளர். பெரியவர் தம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்குமாறு ஒரு குச்சியைக் கட்டி, சக்கரத்தின் விளிம்புப் பக்கமாய் டார்ச் விளக்கைப் பிடித்துச் சுற்றினார். எதிர்ச் சுவரில் குச்சியின் நிழல் மேலும் கீழுமாய்ச் சென்று வந்தது. "இதுதான் தம்பி உன் மாறுமின்னோட்டம். நிழல் ஏறி இறங்குகிறது, சக்கரமோ சுற்றத்தான் செய்கிறது," என்றார். பின்பு கால் வட்டம் பின்தள்ளி இரண்டாவது குச்சியைக் கட்டினார். முதல் நிழல் உச்சியிலிருக்கையில் இரண்டாவது நடுவில் நின்றது. கம்பிச் சுருளில் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்குக் கால் சுற்றுப் பிந்துவது அவ்வாறே என்றார். "உன் புத்தகத்திலுள்ள அந்த எழுத்துக்குக் 'கால் வட்டம் திருப்பு' என்று பொருள். இருமுறை திருப்பு. குச்சி எங்கே?" என்றார்.

"நேர் எதிரில்."

"நேர் எதிர் என்றால் மைனஸ். இருமுறை செய்தால் மைனஸ் ஒன்று. வேறென்ன?"

பையன் வெகுநேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இம்முறையை 1893இல் சிக்காகோ மாநாட்டில் எடுத்துரைத்தவர் ஸ்டைன்மெட்ஸ் என்னும் அறிஞர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், கூன்முதுகினர். பெருங்கணக்குகளைப் பொறியியலாளருக்கு எளிதாக்கவே அவர் இதைத் தந்தார் என்று பின்னர் அறிந்தேன். எளிதாக்க வந்ததே மலையாய் நின்ற விந்தையைப் பாருங்கள்!

இனி ஒரு கடினமான கேள்வி. புரியாமலே தலையசைப்பது நான்காம் சீலத்திற்கு மாறாகாதோ? மாறே என்பது என் கருத்து. ஆயினும் அப்பொய்யில் பெரும்பங்கு, மெய் சொல்வதை ஆபத்தாக்கியவர்களுக்கு உரியது. ஆனால் நண்பர் சிலர் கூறுவதுபோல், 'ஏழைப் பிள்ளை, மனனம் செய்தாவது தேறட்டும், சான்றிதழ் வந்தால் போதும்' என்பதற்கு நான் உடன்படேன். நாளை அவன் அமைக்கும் மின்பெட்டியைத் தொடப்போவது யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு கூலித் தொழிலாளி. பொறியியலில் அறியாமை பிறர் உடலில் விழும். ஆதலின் அவனைத் தேற்றிவிடுங்கள் என்று நாம் கேட்கலாகாது; அவனுக்கு விளங்கச் செய்யுங்கள் என்றே கேட்க வேண்டும். முன்னது இரக்கம் போலத் தோன்றினும், அவனால் இயலாது என்று ஒப்புக்கொள்வதேயாம்.

2015ஆம் ஆண்டு ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதலாண்டு மாணவர் 70க்கும் மேற்பட்டோர் மதிப்பெண் குறைவால் நீக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் இட ஒதுக்கீட்டில் வந்தவர் எனச் செய்தி வந்தது. பின்னர் மறுவாய்ப்பு அளிக்கப்பட்டது. தமையனார் கதையேதான். அதே கழகங்களில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் சிலருக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பும் உண்டு; கணிதம், பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றை அடியிலிருந்து கற்பிப்பது. அது துணித்துண்டு. ஆனால் இப்பிள்ளை பயில்வது போன்ற கல்லூரிகளில் அத்துண்டை யார் தருவது?

விகாரையில் கணக்குக் கற்பிப்பது தகுமோ என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் வினவினார். தமிழ்ப் பௌத்தத்தின் தூண்களில் ஒருவரான பேராசிரியர் லட்சுமி நரசு சென்னையில் கல்லூரி மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பித்தவர். 1907இல் பௌத்தத்தின் சாரத்தை நூலாக்கித் தந்தவரும் அவரே. ஒன்று மற்றொன்றுக்கு இழுக்கென்று அவர் கருதியதாகத் தெரியவில்லை என்றேன். ஞாயிறு பிற்பகலில் பின்னறை திறந்துவிடப்பட்டது. இப்போது பிள்ளைகள் ஆறு பேர் வருகின்றனர். வேலையிலிருக்கும் நம்மவர் இருவர் முறை வைத்து வருகின்றனர். வாராத ஞாயிறுகளும் உண்டு. அவ்வறையில் விதி ஒன்றே: முதலில் வந்தவன் தனக்குப் புரியாதது ஒன்றைச் சொல்லியே அமர வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒருவனுக்கு இத்துறை வாராதெனில் விட்டு விலகுதல் பாவமன்று. பொறியியலே உயர்வு, மற்றவை தாழ்வு என்பதும் ஒரு சாதிப் படிக்கட்டுத்தான். ஆனால் விலகுபவன் அறிந்து விலக வேண்டும். சிரிப்பிற்கு அஞ்சி விலகக் கூடாது.

அவ்விளைஞன் நான்கில் இரண்டில் தேறிவிட்டான். இரண்டு நிற்கின்றன. தகப்பனாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். அவர் ஒரு வாரம் பேசவில்லை, பின் பேசினார். சென்ற ஞாயிறன்று மின்மாற்றி பற்றி அவன் ஒரு கேள்வி எழுப்ப, பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது எனக்கும் புரியவில்லை தம்பி. புத்தகத்தை எடு," என்றார்.