வினையைப் பிறர் சுமக்க இயலுமா?

தவறிழைத்தவர் நெஞ்சில் எழும் குற்ற உணர்வு ஓர் ஆசிரியரைப் போன்றது. அது கற்பிக்கும் பாடத்தை நாம் கேட்கிறோமா? அல்லது, நமக்குப் பதிலாகத் தேர்வெழுத வேறொருவரை அனுப்பிவிடுகிறோமா? தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலை (1966) அண்மையில் மீண்டும் படித்தபோது இக்கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது.

அந்நாவல் வெளிவந்த காலத்தில் கண்டித்தோர் பலர். கணவர் தண்டபாணி இருக்கவே சிவசு என்பவனுடன் உறவு கொண்ட அலங்காரம் என்னும் தாயின் கதை அது. ஆயினும் அதன் மையம் அவளுடைய பிழையன்று. பிழைக்குப் பின் அவள் சுமக்கும் பாரமே. மகன் அப்புவை இளம் பருவத்திலேயே காவிரிக்கரை வேத பாடசாலைக்கு அவள் அனுப்புகிறாள். அவன் பதினாறு ஆண்டுகள் அங்கே பயில்கிறான். ஞானியாகி வரும் மகனின் காலடியில் தன் பாவத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்பது தாயின் எண்ணம். அவனோ இந்து என்னும் இளம் கைம்பெண்ணின் அன்பை ஏற்று, அங்கேயே தங்கிவிடுகிறான். தாய் காசிக்குப் புறப்படுகிறாள்.

அலங்காரத்தின் வருத்தம் பொய்யன்று. அவள் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை. ஆனால் தன் கடனுக்கு மகனின் இளமையை ஈடாக வைத்துவிட்டாள். கழுவாய் என்று அவள் கருதியது, அறியாச் சிறுவன்மீது ஏற்றிய மற்றொரு சுமையாயிற்று.

நம் அறநெறி இதில் தெளிவானது. செய்தவரே வினைப்பயனை நுகர்வர்; அதனை உதிர்ப்பவரும் அவரே. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர்மலையில் பேச்சிப்பள்ளம் சென்றவர்கள் ஒரு கல்வெட்டைக் கண்டிருப்பர். அச்சணந்தி அடிகளின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று அது அறிவிக்கிறது. மகன் பெரும் துறவி. ஆயினும் அத்தாய் தம் அறத்தைத் தாமே செய்தார்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி கழுவாயை ஒன்பது வகையாகக் கூறுகிறார். முதலாவது ஆலோசனை; அதாவது, செய்த குற்றத்தை ஒளிக்காமல் குருவின் முன் எடுத்துரைத்தல். தவம் ஆறாவதாகவே வருகிறது. இவ்வரிசையைப் பலமுறை ஓதியிருந்தும் அதன் பொருளை நான் உணரவில்லை.

1978-இல் மதுரையை அடுத்த ஒரு சிற்றூரில் ஆசிரியையாக இருந்தேன். மாணவியரிடம் வாங்கிய தேர்வுக் கட்டணத்தில் பன்னிரண்டு ரூபாய் குறைந்தது. ஏழைச் சிறுமி ஒருத்தியை வகுப்பின் முன் நிறுத்தித் திருடி என்றேன். மூன்று நாள் கழித்து, என் வருகைப் பதிவேட்டின் உறைக்குள்ளேயே பணம் கிடைத்தது. நான் வாய் திறக்கவில்லை. மாறாக, அட்டமியும் சதுர்த்தசியும் தவறாமல் உண்ணாநோன்பு இருந்தேன். ஆண்டுதோறும் ஏழை மாணவியர் சிலருக்குக் கட்டணம் செலுத்தினேன். ஊரார் என்னைத் தயாள குணமுடையவள் என்றனர். அலங்காரத்தைக் குறைகூற எனக்கு என்ன தகுதி? முதற்படியைத் தாண்டிக்கொண்டு ஆறாம் படியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவள் நான்.

சென்ற ஆண்டு அவளைத் தேடிச் சென்றேன். இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். நடந்ததைக் கூறி மன்னிப்புக் கேட்டேன். அவள் சினக்கவில்லை. என்னை அமரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சற்று நேரம் கழித்து, "அன்னிக்கே வகுப்புல சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றாள். அன்று வீட்டிலும் அவளுக்கு அடி விழுந்ததாம். அதன்பின் அவள் பள்ளிக்கு வரவே அஞ்சினாளாம். அந்த வகுப்பை இனி நான் எங்கே கூட்டுவேன்? அவள் மன்னித்தாள். ஆயினும் காலம் கடந்த உண்மையால் மீட்க இயலாதவை உண்டு என்பதை அவள் திண்ணையில் கற்றேன்.

தசலட்சணப் பருவத்தின் நிறைவில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம். அது நன்றே. ஆனால் எல்லா உயிர்களிடமும் கேட்பது எளிது; நாம் புண்படுத்திய அந்த ஒருவரிடம் கேட்பதே அரிது. சகோதரிகளே, அடுத்த பருவத்திற்கு முன் அந்த ஒருவரின் வீட்டு வாயிலுக்குச் சென்று வாருங்கள். அவர் இருக்கும்போதே செல்லுங்கள்.