ஐம்பதில் வளைவது

வளர்ந்த மனிதர் ஒருவரின் சுபாவத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடம் இரண்டு பழமொழிகள் தயாராக இருக்கின்றன. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது ஒன்று. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது இன்னொன்று. இரண்டாவது பழமொழி மரத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. இளங்கொம்பு வளையும், முற்றிய கட்டை முறியும் என்பது எல்லோரும் கண்ணால் கண்டதுதான். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அது நல்ல எச்சரிக்கை. ஆனால் அதையே ஐம்பது வயதுக்காரரின் தலையில் தீர்ப்பாக எழுதும்போது, சமயங்கள் காலூன்றி நிற்கும் தரையே ஆட்டம் காண்கிறது. மனந்திரும்புதல் என்றாலும், வினையறுத்தல் என்றாலும், தன்னை அடக்குதல் என்றாலும், இறுகிப்போன மனிதனும் வேறொருவனாக முடியும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தச் சொற்களுக்குப் பொருளே இல்லை. எனவே பழமொழி அழைத்த சாட்சியை இன்னொரு முறை விசாரித்துப் பார்ப்பது அவசியமாகிறது. மரம் உண்மையில் என்ன சொல்கிறது?

இப்படி விசாரித்தவர்கள் முன்பும் இருந்தார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சீனத்தில் கவ்ட்ஸி என்பவர், மனித இயல்பு வில்லோ மரம் போன்றது, அறம் அந்த மரத்தில் செய்யும் கிண்ணம் போன்றது என்று வாதிட்டார். மென்சியஸ் அவரை மடக்கினார்: மரத்தைச் சிதைத்துத்தானே கிண்ணம் செய்கிறீர்கள், அப்படியானால் மனிதனையும் சிதைத்துத்தான் அறவோனாக்குவீர்களா? அடுத்த நூற்றாண்டில் ஷுன்ட்ஸி எதிர்ப்பக்கம் நின்றார். நூல் பிடித்தாற்போல் நேரான மரத்தைப் பக்குவப்படுத்தி வளைத்துச் சக்கரமாக்கிவிட்டால், பிறகு வெயிலில் காய்ந்தாலும் அது நிமிராது. பயிற்சியின் வலிமை அப்படிப்பட்டது என்றார். தம்மபதம், தச்சர் மரத்தை வளைப்பதையும் அறிவுடையோர் தம்மைத் தாமே பழக்குவதையும் அருகருகே வைக்கிறது. 1784-ல் எழுதிய கட்டுரையில் இமானுவேல் கான்ட், மனிதன் என்ற கோணல் மரத்திலிருந்து முழுக்க நேரான எதையும் செய்ய இயலாது என்று முடிவு கட்டினார். இவர்கள் ஒருவரோடொருவர் முரண்பட்டாலும் மனத்தில் வைத்திருந்தது பெரும்பாலும் ஒரே மரத்தைத்தான்: முழுக் கட்டை. கட்டையை வருத்தி வளைக்கலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம். விவாதம் இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. மெல்லிய தகடுகளாக வந்த மரத்தை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

அந்தச் சாட்சி கிடைக்கும் இடம் சற்று எதிர்பாராதது. லாங்போர்டு என்பது ஸ்கேட்போர்டின் நீளமான உறவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதன் பலகையைப் பலர் வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்கிறார்கள். ஆள் ஏறும்போது தொய்ந்துவிடாதபடி பலகை நீளவாக்கில் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். பாதம் பிடித்து நிற்க இரு ஓரங்களும் சற்று உயர்ந்திருக்க வேண்டும். 9 மி.மீ. தடிமனுள்ள ஒரே பலகையை அச்சில் வைத்து அழுத்தினால், அழுத்தும்வரை வளையும், விட்டதும் நிமிரும். இன்னும் வற்புறுத்தினால் வெளிப்புற இழைகள் கிழியும். வளைவின் வெளிப்பக்கம் நீள வேண்டும், உட்பக்கம் சுருங்க வேண்டும். தடிமன் கூடக்கூட இந்த இழுபறியும் கூடும். 1859-ல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற 14-ஆம் எண் நாற்காலியைச் செய்த மிக்கேல் தோனெட்கூட, பீச் மரக் கம்பை நீராவியில் வேகவைத்த பிறகும் வெளிப்புறம் பிளக்காமலிருக்க உலோகப் பட்டை பிடித்துத்தான் வளைத்தார். லாங்போர்டு செய்பவரின் வழி வேறு. 3 மி.மீ. பிளைவுட் தகடுகள் மூன்றை எடுத்து, இடையில் பசை தடவி, அச்சின்மேல் ஒன்றாக வைத்து அழுத்துகிறார். பசை ஈரமாக இருக்கும்வரை தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தன்னால் தாங்க முடிந்த அளவே வளைகிறது. ஓர் இரவு முழுக்க அதை அசைப்பதில்லை. பசை இறுகியதும் நழுவுதல் நின்றுபோகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பலகைகளுக்கான விதி. அந்தக் கணக்குப்படி, தனித்தனியே நழுவும் மூன்று தகடுகளைவிட ஒட்டி ஒன்றான அதே மூன்று தகடுகள் ஒன்பது மடங்கு விறைப்பானவை. தகடு எதையும் வேகவைக்கவில்லை, இழை எதுவும் அறுபடவில்லை, மரமோ முற்றிக் காய்ந்த மரம். இத்தனை நேரம் முரண்டு பிடித்தது அதன் தடிமன்தான் என்பது அப்போது தெரிகிறது.

மனித சுபாவத்துக்கும் இது பொருந்தும் என்பதே என் வாதம். கோபக்காரர், குடிகாரர், கருமி என்று ஒரே சொல்லில் அழைத்து, ஒரு மனிதரின் ஆயிரம் சிறு பழக்கங்களைத் தடித்த ஒரே கட்டையாக நாம் பார்க்கிறோம். அவரும் தம்மை அப்படியே பார்க்கிறார். பிறகு மொத்தக் கட்டையையும் ஒரே அழுத்தில் வளைக்கப் பார்த்து, அது நிமிர்ந்துகொள்வதைக் கண்டு, இயல்பு மாறாது என்கிறோம். வேறு விதமாக நடந்ததற்குச் சாட்சி உண்டு. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் இளமையிலிருந்தே குடித்தவர். 1935 மே மாதம், சில மாதங்களாகக் குடியை விட்டிருந்த பில் வில்சனைச் சந்தித்தார். குடியை நிறுத்தினார். சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். அந்த ஆண்டு ஜூன் 10 அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று கொள்ளப்படுகிறது. அவர்கள் இருவரும் தொடங்கிய, குடியை விட முயல்வோருக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் தன் தொடக்க நாளாக அதையே கணக்கிடுகிறது. அப்போது அவருக்கு வயது 55. 1950-ல் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை. அந்த இயக்கத்தின் வழிமுறையில் இரண்டு அம்சங்கள் உண்டு. வாழ்நாள் முழுதுக்குமாகச் சபதம் செய்யாமல் இன்று ஒரு நாளை மட்டும் குடியின்றிக் கடப்பது ஒன்று. தன்னைப் போன்ற மற்றவர்களோடு இடைவிடாது சேர்ந்திருப்பது மற்றொன்று. மெல்லிய தகடு, தகட்டைப் பிணைக்கும் பசை.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி வலுவானது. அச்சிலிருந்து எடுத்த பலகை கொஞ்சமாவது நிமிரத்தான் செய்யும். ஒட்டிய தகடுகளை எப்படியோ பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் பழைய நேர்நிலைக்கே திரும்பப் பார்க்கும். அப்படியானால் மரம் மாறவே இல்லை, பசைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, இது மாற்றம் போன்ற தோற்றம் என்று சொல்லலாம் அல்லவா? பாப் ஸ்மித்தே, குடியை விட்ட முதல் இரண்டரை ஆண்டுகள் அந்த வேட்கை தம்மைவிட்டு அதிகம் விலகவில்லை என்று எழுதியிருக்கிறார். நம் மரபு வாசனை என்று அழைப்பது இதைத்தான். ஆனால் இந்த ஆட்சேபம் குணம் என்பது தகட்டுக்குள் குடியிருக்கும் ஏதோ ஒன்று என்று எண்ணிக்கொள்கிறது. மிலிந்த மன்னரிடம் பௌத்தத் துறவி நாகசேனர், தேர் இருசிலும் இல்லை, சக்கரத்திலும் இல்லை, நுகத்திலும் இல்லை என்று ஒவ்வொன்றாக மறுத்துக் காட்டினார். லாங்போர்டின் வளைவும் அப்படியே எந்தத் தகட்டிலும் இல்லை. தகடுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் விதத்தில் இருக்கிறது. ஆயினும் ஆளைச் சுமப்பது அந்த வளைவுதான். இழையில் பழைய நேர்நிலை நினைவாகத் தங்கியிருப்பதால் பலகை பொய்யாகிவிடாது. உள்ளே வேட்கையோடு குடிக்காமல் இருந்த அந்த இரண்டரை ஆண்டுகளில் பாப் ஸ்மித் நடித்துக்கொண்டிருந்தார் என்று நான் ஒப்ப மாட்டேன். நிமிரும் அளவையும் தச்சர் முன்கூட்டியே எதிர்பார்த்து, வேண்டிய வளைவைவிடச் சற்று ஆழமாகவே அச்சைச் செய்துகொள்கிறார். கோணிய மரத்தை நேராக்க மறுபுறம் கூடுதலாக வளைப்பதுபோல, நம் மனம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் நம்மை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இதே காரணத்தால்.

மென்சியஸின் கேள்வி இதைவிட ஆழமானது, அதற்கு முழுப் பதில் சொல்லிவிட முடியாது. பிளைவுட்டுக்காக மரத்தை முதலில் வெட்டி, சுழலவிட்டு, நீண்ட கத்தியால் தோல்போல உரித்தெடுக்கிறார்கள். அந்த வெட்டுக்கு மனித வாழ்வில் ஈடு தேடினால் உவமை நொண்டத் தொடங்கும். அதைவிட முக்கியம், அச்சை யார் செய்கிறார்கள் என்பது. பிறர் செய்த அச்சில் பிறர் கையால் அழுத்தப்படும் மனிதரைப் பற்றி மென்சியஸ் பட்ட கவலை முற்றிலும் நியாயமானது. சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்த கொடுமைகள் கொஞ்சமல்ல. ஆனால் அச்சு எப்போதும் அந்நியமானதாக இருக்கத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி அமெரிக்கக் கடற்படைக்காக, முறிந்த காலைத் தாங்கும் பிளைவுட் கட்டையை உருவாக்கினார்கள். அதற்கான அச்சு சார்ல்ஸின் சொந்தக் காலிலிருந்து எடுக்கப்பட்டது. தம்மபதத்தின் உவமையும் இங்கேதான் தனித்து நிற்கிறது: அதில் தச்சரும் மரமும் ஒரே ஆள்.

அழுத்தம் என்றாலே வன்முறைதான் என்ற எண்ணத்தையும் இந்தக் கைத்தொழில் திருத்துகிறது. கிளாம்ப் போட்டு முறுக்கினால் அழுத்தம் அங்கங்கே விழுந்து, இடையில் ஒட்டாத பொந்துகள் தங்கிவிடலாம். அதனால் சிலர் அச்சையும் தகடுகளையும் பிளாஸ்டிக் பையில் இட்டு, உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து எடுத்துவிடுகிறார்கள். பம்ப் பலகையைத் தொடுவதே இல்லை. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ 1 கிலோ எடையோடு காற்று எப்போதும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளிருந்து எதிர்த்து நின்ற காற்று விலகியதும், 100 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள பலகையின்மேல் இரண்டரை டன் அளவுக்கு அந்த எடை சீராக இறங்குகிறது. நோன்பும் துறவும் மனிதனிடம் புதிதாக எதையும் திணிப்பதில்லை. அவை எடுத்துவிடுகின்றன, மிச்சத்தை அவனைச் சூழ்ந்துள்ளவர்கள் செய்கிறார்கள். சங்கம், சத்சங்கம், சபை என்று ஒவ்வொரு சமயமும் கூடியிருத்தலை இத்தனை வலியுறுத்துவதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விளக்கம் இந்தப் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது.

எல்லோரும் வளைவதில்லை என்பது உண்மை. பசை காயும் முன்னே அச்சிலிருந்து எடுக்கப்பட்ட பலகைகள் ஏராளம், மனிதர்களும் ஏராளம். ஆனால் அவர்களைக் காட்டி முற்றிய மரம் வளையாது என்று நிறுவ முடியாது. போதிய நேரம் அச்சில் இருக்கவில்லை என்றுதான் நிறுவ முடியும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஐம்பதைக் கடந்த ஒருவர் குடியையோ கோபத்தையோ விட முயல்கிறார் என்று தெரிந்தால், முதல் சில மாதங்களுக்காவது அந்தப் பழமொழியை அவர் காதில் போடாதீர்கள். மாலையில் கொஞ்ச நேரம் அவரோடு போய் உட்கார்ந்திருங்கள்.